மூன்றாம் மாணவி

லோர்னா வாஷெக்குக்கு இருபத்திரண்டு வருடமாக
ஒரு வினைச்சொல் மறுக்கப்பட்டிருந்தது:
நினைத்தாள்.
கேமரா பார்க்காததை எழுதக் கூடாது.
கதவைத் திறக்கிறாள், எழுதலாம்.
கோப்பையைக் கழுவுகிறாள், எழுதலாம்.
கழுவும்போது மனசுக்குள் யாரை வைதாள் என்பது
நடிகையின் பாடு.

ஒவ்வொரு காட்சியின் நெற்றியிலும்
உள், வெளி, பகல், இரவு.
அகம் புறம் என்று பாட்டையே பிரித்து வைத்த நாம்
கேட்டால் சிரிப்போம்:
அங்கே உள் என்றால்
நாலு சுவர், ஒரு கூரை, அவ்வளவுதான்.

பர்பாங்கில் சலவைக்கடை மாடியில் இருந்தபடி
பதினொரு திரைக்கதை விற்றாள்.
படமானவை இரண்டு.
பெயர் வந்தது ஒன்றில், மூன்றாவதாக,
பாப்கார்ன் டப்பாக்கள் எழுந்து போன பிறகு.
அதற்கு இன்னும் வருடம் ஒரு காசோலை வருகிறது.
ஒரு டாலர் பதினாலு சென்ட்.
மாற்றாமல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள்.
ஒட்டிய காந்தம் அதைவிட விலை.

பிறகு அந்தப் பள்ளிக்கூடப் படம்.
ஆறு நாளில் திருத்தித் தர வேண்டும்.
நாற்பத்தோராம் பக்கம், உணவுக்கூடம்.
தட்டை ஏந்தியபடி மாணவி 3 கேட்கிறாள்:
"இங்க யாராவது உட்கார்றாங்களா?"
ஒரே வசனம்.
தயாரிப்பாளர் கெல் ப்ரூடர்
ஓரத்தில் பச்சை மையால் எழுதியிருந்தார்:
வாயைத் திறந்தால் சம்பளம் கூடும்.
நிற்கட்டும், பேச வேண்டாம்.
லோர்னா அடித்தாள்.
அடிப்பதில் தேர்ந்த கை.

அன்றிரவு சமையலறையில்
தட்டோடு நின்றுகொண்டிருந்தாள் ஒருத்தி,
கேட்க வந்ததைக் கேட்க முடியாமல்.

நாற்பத்தேழு வயதில்
லோர்னா முதல் தடவையாக எழுதினாள்:
நெல்டா நினைத்தாள்.
எழுதிவிட்டுப் போய் ஜன்னலைச் சாத்தினாள்,
யாரோ அபராதம் போட வருவதுபோல.
அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை.
சோளத்துக்கும் பட்டாணிக்கும் நடுவே
தட்டில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து நினைத்தாள்.
ஃப்ரெஸ்னோவில் வேறொரு வீட்டு வாசலில்
அப்பா பூட்ஸ் கழற்றுவதை நினைத்தாள்,
இடது காலை முதலில், எப்போதும்போல.
வரிசையிலிருந்து நாற்காலிவரை நடக்க
நெல்டாவுக்கு நாற்பது பக்கம் ஆனது.

இதில் ஒன்றும் நடக்கவில்லையே என்றார்கள்
பதினேழு பதிப்பகத்தார்,
வெவ்வேறு மரியாதையில்.
பதினெட்டாவது, மினியாபொலிஸில் மூன்று பேர் நடத்துவது,
சரி என்றது.

பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு பள்ளி நூலகம்.
ஏசி இருமிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டு பிள்ளைகள்,
அதில் ஐந்து கணக்கு வகுப்புக்குத் தப்பி வந்தவை.
ஒசியேல் என்ற பையன் கை தூக்கினான்:
"அந்த நாற்காலி காலியா இல்லையான்னு
நீங்க கடைசிவரைக்கும் சொல்லலையே, மிஸ்?"
லோர்னா பதில்கள் தயாரித்து வந்திருந்தாள்,
வேறு கேள்விகளுக்கு.
அவனே தோளைக் குலுக்கினான்:
"காலியாதான் இருக்கும்.
ஆனா கேட்காம உட்கார முடியாது."

மோட்டலில் அன்று அவள் டிவி போடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ப்ரூடர் கூப்பிட்டார்.
நாவல் உரிமை வேண்டுமாம், திரைக்கதையும் அவளே எழுதலாமாம்.
எந்தத் தட்டும் எந்தப் பச்சை மையும்
அவர் நினைவில் இல்லை.
தொகை சொன்னார்.
காரை மாற்றலாம், பல் கட்டலாம்,
மிச்சத்தில் இரண்டு வருடம் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம்.
"ஒரே ஒரு விஷயம்," என்றார்.
"அந்தப் பொண்ணு இவ்வளவு யோசிக்கணுமா?
ஜன்னலைப் பார்க்கட்டும். அஞ்சு செகண்ட்.
ஜனங்களுக்குப் புரிஞ்சிரும்."

கீழே இலை ஊதும் இயந்திரத்தோடு ஒருவன்
இந்த வாசல் சருகைப்
பக்கத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

உள். பகல்.
காதில் ஃபோனோடு
லோர்னா ஜன்னலைப் பார்க்கிறாள்.
ஐந்து நொடி.
ஆறு.