நாலாம் கட்டில்

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் வார்டு.
நாலாம் கட்டில் எனக்குச் செவ்வாய், வியாழன், சனி.
திங்கள், புதன், வெள்ளி வேறொருவருக்கு.
இரண்டு வருடமாய் ஒரே மெத்தைப் பள்ளத்தில்
மாறி மாறிப் படுக்கிறோம்.
முகம் பார்த்ததில்லை.

இங்கே புத்தகத்துக்கு முதல் தகுதி எடை.
இடது கையில் இரண்டு ஊசி, அசைத்தால் மெஷின் கூவும்.
வாசிக்க வருவது வலது கை மட்டும்.
நெஞ்சில் நிறுத்தினால் நிற்க வேண்டும்,
கட்டைவிரலுக்குத் தாள் வழிவிட வேண்டும்.
தடித்த நாவல்களை நான் கைவிட்டது அப்படித்தான்.
மதிப்புரை எழுதுகிறவர்கள் யாரும்
கிராம் கணக்குச் சொல்வதில்லை.

முதலில் வைத்தது நான்.
தலையணை உறைக்குள், அக்கா மகளின் படப்புத்தகம்:
ஓர் ஆடு ரயிலேறுகிறது,
யாரும் கேட்காமலே இறங்கிப் போகிறது.
சொல் ஒன்றுகூட இல்லை.
அண்டியாபீஸ் சம்பளச் சீட்டின் பின்புறம் எழுதினேன்:
‘பதினைந்து நிமிஷம் போதும்.
ஆட்டின் கண்ணை மட்டும் பாருங்கள். மேபல், கருங்கல்.’

வியாழக்கிழமை பதில் கிடந்தது,
கிரீஸ் விரல்தடம் ஒன்றோடு:
‘ரெண்டரை மணிக்கூறு பாத்தேன்.
எட்டாம் பக்கத்துல டிக்கெட் பரிசோதகருக்கு
செருப்பு கால் மாறிக் கெடக்கு, கண்டியளா?
ஜெலஸ்டின், குளச்சல், போட்டு எஞ்சின் மெக்கானிக்.’

கண்டிருக்கவில்லை.
அன்று நாலு மணி நேரமும் செருப்பு.

தன்வரலாறுகளில் ஒத்துப்போகவில்லை.
ஒரு மருத்துவச்சி எழுதியதை வைத்தேன்,
மூன்றாம் அத்தியாயத்தோடு திரும்பி வந்தது:
‘சொந்தக் கதை எழுதுகவங்க எல்லாரும்
அப்பனுக்க குத்தத்த விரிச்சு எழுதுகாவ,
தனக்க குத்தத்த ஒத்த வரியில முடிக்காவ.’
‘இருபதாம் அத்தியாயம் போங்க,’ என்று எழுதினேன்,
‘அந்த ஒத்த வரி அங்கே பதினொரு பக்கம்.’
போனாராம்.
அடுத்த சீட்டில் எழுத்தே இல்லை,
நாலாய் மடித்த வெறும் தாள்.
இன்னும் என் பையில் கிடக்கிறது.

எச்சரிக்கைகளும் வரும்.
குளத்தைப் பற்றிய படப்புத்தகம், அப்படியொரு நீலம்.
அட்டைமேல் பென்சிலில்:
‘பன்னெண்டாம் பக்கம் மழை.
அரை லிட்டர் அளந்து குடிக்கவங்க
பாக்காம மறிச்சு விட்டிருங்க.’
நான் மறிக்கவில்லை.
ஒன்றரைக் கிலோ கூடுதல் என்று
எடை பார்த்த ஷைனி சிஸ்டர் ஏசினாள்.
மழை, என்றேன்.
வெளியே நல்ல வெயில்.

கடைசியாய் ஒரு கிராஃபிக் நாவல்.
உப்பளத்தில் காணாமல் போன கணக்கனை
தங்கை தேடுகிறாள், முழுக்கக் கறுப்பு மை.
இதற்கு மட்டும் நீளமாய் எழுதினேன்:
‘பேச்சுக் குமிழ்களை முதல் தடவை விட்டுவிடுங்கள்.
கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவிலுள்ள வெள்ளையில்
அவள் எவ்வளவு நடந்திருப்பாள் என்று பாருங்கள்.
நாற்பத்தொன்று வந்ததும் முப்பத்தாறுக்குத் திரும்புங்கள்.
ஏனென்று சொல்லமாட்டேன்.’

கிறிஸ்மஸ் வாரம் முறை குழம்பிவிட்டது.
எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாள்.
எனக்கு நாலாம் கட்டில்தான்.
எதிரே ஒன்பதாவதில் ஒரு மெலிந்த ஆள்,
நெஞ்சில் கறுப்பு அட்டை,
நகத்தோரம் கழுவிப் போகாத கிரீஸ்.

இரண்டு வருடத்துப் பேச்சு இருந்தது.
வணக்கம் சொல்லியிருக்கலாம்.
வாயில் வந்தது இதுதான், வார்டே திரும்புமளவுக்கு:
‘நாப்பத்தொண்ணு வந்தாச்சா?’

தலை நிமிரவில்லை.
வலது கட்டைவிரல் பின்னோக்கித் தாள்களைத் தள்ளியது,
ஒன்று, இரண்டு, மூன்று.
பொறுங்க என்று
ஊசிக்கையின் ஒரு விரல் உயர,
மெஷின் கூவியது.