நாற்பத்தொரு ஜி.பி.

தள்ளுபடி முடிய இன்னும் ஐந்து மணி நேரம்.
அவர்கள் ஊர் நள்ளிரவு
செல்லூரில் பகல் ஒன்றரை.

கையில் இருப்பது ஒச்சப்பன் தந்த முன்பணம்,
ஆறாயிரத்து ஐந்நூறு.
இருபத்திரண்டு நிமிடக் குறும்படம்,
கிணறு வெட்டும் இரண்டு பங்காளிகள்.
'நாப்பது பேரு வயலின் வாசிச்ச மாதிரி வேணும் தம்பி.
ஒத்த ஆளு வாசிச்சா காசில்லாத படம்னு தெரிஞ்சிரும்.'

நாற்பது பேரை உட்காரவைக்க
இந்த அறை காணாது.
கீழே விசைத்தறி.
மைக்கைத் திறந்தால் எந்த ராகத்துக்கும்
லுங்கித் தாளம் தானாகச் சேர்ந்துகொள்ளும்.
ஆகவே நாற்பது பேரையும் விலைக்கு வாங்குகிறேன்.

முதல் பெட்டி, தொண்ணூற்றொன்பதை அடித்து ஐம்பத்தொன்பது டாலர்.
விளம்பர ஓட்டத்தில் மலை உருள்கிறது, கடல் எழுகிறது;
தனியே ஒரு சுரத்தை அழுத்திப் பார்க்க மட்டும் விடவில்லை.
கீழமாசி வீதிப் புளிக்கடையில்கூட
வாயில் போட ஒரு சுளை தருவார்கள்.

இரண்டாவது இலவசம்.
ஒரே சுரத்தை நான்கு முறை தட்டினால்
நான்கும் அச்சு மாறாமல் ஒன்று,
தகர டப்பாவில் ஆணி விழுவதுபோல.
இதற்குக் கீழே இருக்கும் தறி தேவலை.
நாடா போகும்போது ஒரு சத்தம்,
திரும்பும்போது வேறு.

மூன்றாவது, ஏதோ குளிர்தேசத்து மாதாகோயிலில் பதிந்தது.
பித்தளை இல்லை, குழல் இல்லை, வெறும் தந்தி.
ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும்
லெகாட்டோவும் இல்லை. அதற்குத் தனி விலை.
ஆனால் வயோலாவின் அடிமந்தரத்தில் விரலை எடுத்ததும்
யாரோ நாற்காலியில் அசைகிறார்கள்.
கிறீச்.
எட்டு முறை கேட்டேன்.
ஒன்பதாவது முறை அட்டையை எடுத்துவிட்டேன்.
வரி, வங்கிக் கமிஷன் எல்லாம் சேர்த்து
ஐந்தாயிரத்து இருநூற்றுச் சொச்சம்.

அடுத்தது இடம்.
வேண்டியது முப்பத்தெட்டு ஜி.பி., இருப்பது ஒன்பது.
எதைக் கழிப்பது?
'காளவாசல் கல்யாணம்', நாற்பத்தொரு ஜி.பி.,
பதினான்கு மாதமாகப் பாக்கி பன்னிரண்டாயிரம்.
பணம் வரும்வரை பிணை என்று
தாலிகட்டு முதல் பந்தி வரை பூட்டி வைத்திருந்தேன்.

போன் போட்டேன்.
'பாக்கி கேக்கல ஜெகவீரன், வீடியோவ அழிக்கட்டுமான்னுதான்...'
அந்தப் பக்கம் ஒரு பஸ் நின்று, ஆள் ஏற்றி, கிளம்பும் வரை
பேச்சில்லை.
'அழிச்சிருங்கண்ணே. அவங்க பரமக்குடிக்கே போயிட்டாங்க.
ஆடியில கையெழுத்தும் ஆயிருச்சு.'
அப்புறம், 'பாக்கிய இந்த மாசம் போட்டுர்றேன்.'
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் ஒரு முறை கேட்டது.
அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த எண்ணூறு பேர்
நாலு விநாடியில் எழுந்து போனார்கள்.
அந்த இடத்தில் கம்பளிச் சட்டையோடு நாற்பது பேர்
ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார
எங்கள் தெரு இணையத்துக்கு விடிகாலை மூன்றானது.

லெகாட்டோவைக் கையால் செய்கிறேன்.
முதல் சுரம் அடங்குமுன் இரண்டாவதை
மெல்ல அடியில் நுழைத்து,
வளைகோட்டை மவுஸால் இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து,
இருநூற்றுப் பதினாறு இணைப்பு.
சிலது ஒட்டுகிறது.
சிலது எவ்வளவு நீவினாலும்
இரண்டாகவே கேட்கிறது.

ஒச்சப்பன் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார்.
கிணற்றில் தண்ணீர் இல்லை என்று தெரியும் இடம்.
பங்காளிகள் ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்க
வயலின் அடங்கி, வயோலா அடங்கி,
'இங்க யாரு தம்பி எந்திரிக்கிறது?'
'வயோலாக்காரர்.'
'பேரு?'
தெரியாது என்றேன்.
'சரி, எடுத்துராத. இருக்கட்டும்.'

மீதிப் பணத்தைப் பற்றி
இருவருமே வாய் திறக்கவில்லை.