எட்டரைக்குக் கின்சா

ஞாயிறு காலை எட்டரைக்கு
யூடித் கின்சாவில் இறங்குவாள்.
அங்கே அப்போது நடுமதியம்.
மூன்றரை மணித்தியாலத்தை நான்
டச்சுக்குடாக் கடற்சுவரில் குந்தியிருந்து
கழித்துக்கொள்கிறேன்.

பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை.
பக்கத்தில் சொப்பின் பையில் அரைக்கிலோ சூரை.
போனில் இருபத்தேழு வீதம் பற்றரி.

"பாருங்கோ, சரியாப் பன்னிரண்டுக்குப்
பொலிஸ் வந்து ரோட்டை மூடுறாங்கள்" என்றாள்.

ரோட்டை மூடுவது என்றால்
திருமலைக்காரனுக்கு வேறு படங்கள் வரும்:
மண் மூட்டை, பஸ்ஸை நிற்பாட்டும் ஒரு கை,
இறங்கி நடக்கும் வரிசை,
அடையாள அட்டையில் வியர்க்கும் என் முகம்.
"ஏன், என்ன பிரச்சினை?" என்று கேட்டுவிட்டேன்.

"பிரச்சினை இல்லை. நடக்கத்தான்."
"எங்க?"
"ஒரிடமும் இல்லை. சும்மா, நடுரோட்டில."

போனைத் திருப்பினாள்.
வெள்ளைக் கோட்டை மிதித்தபடி
தெரு நிறைய ஆட்கள், அவசரமே இல்லாமல்.
தார் ரோட்டில் படுத்துப் பார்க்கிறது ஒரு பிள்ளை.
குடைக்குக் கீழே கதிரை போட்டு
நாய்க்குத் தொப்பி சரிசெய்கிறாள் ஒருத்தி.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சப்பாத்து,
ஒன்றே ஒன்று,
நற்கருணைப் பேழைக்குள் வைத்த மாதிரி.
"மற்றக் கால் எங்க?"
"உள்ள போய்க் கேக்கவேணும்.
கேக்கிற ஆக்கள் வேற."

ஆறு நாளும் சைத்தாமாவில்
ஒரு முதியோர் விடுதியில்
தூக்குகிறாள், திருப்புகிறாள், துடைக்கிறாள்.
ஏழாம் நாள் இரண்டு ரயில் மாறி வந்து
எதையும் தூக்காமல் நடக்கிறாள்.
கைப்பைகூடச் சின்னது.

நிலவறைக்கு இறங்கினாள். அங்கே சாப்பாட்டுக் கடைகள்.
பெட்டிக்குள் தனியாக ஒரு முலாம்பழம்.
விலையை இரண்டால் பெருக்கினேன்:
எங்கள் வீட்டு வாடகை, இரண்டு மாசம்.
அதற்கப்பால் பனிக்கட்டியில் மீன்,
ஆறு சிவப்புத் துண்டு, சீட்டு விரித்ததுபோல.

"செவுளைத் தூக்கிக் காட்டு."
"செவுள் இல்லை."
"கண்?"
"அதுவும் இல்லை."
"கண்ணில்லாத மீனை என்னெண்டு நம்புறது?
குறைச்சுக் கேள்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
பொத்திச் சிரிக்க அங்கேதான் பழகினாள்.
இங்கே அவள் சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

மேல்மாடியில் ஒரு கைக்குட்டை வாங்கினாள்,
கரையில் நீலப் பூ.
கடைப்பெண் அதை மடித்து, மெல்லிய தாளில் சுற்றி,
பிறகு தடித்த தாளில் சுற்றி, நாடா கட்டி,
காயம்பட்ட குருவியை வைப்பதுபோலப் பைக்குள் வைத்து,
வாசல்வரை வந்து
இரண்டு கையாலும் தந்து
குனிந்தாள்.

யூடித் நடந்தாள். திரும்பினாள்.
அவள் இன்னும் நிமிரவில்லை.
சனங்களுக்கு இடையால்
அந்தத் தலையின் வகிடு எனக்கும் தெரிந்தது.

"எனக்கு முன்னால இவ்வளவு நேரம்
ஒருத்தரும் குனிஞ்சதில்லை, டெஸ்மன்.
நான்தான் எல்லாருக்கும்..."

பிறகு கதைக்கவில்லை.
யாரோ யாரோவுடைய கால்களைக்
காட்டிக்கொண்டே போனாள்.
எத்தனை ரூபா என்று நாக்கு நுனிக்கு வந்தது.
விழுங்கினேன்.
"வடிவான லேஞ்சி" என்றேன்.
கேட்டதோ தெரியாது.
போன் செத்திருந்தது.

சூரைப் பை ஒழுகி
வெள்ளைச் சட்டையில் ஒரு கறை.
எழும்பினேன்.

கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வந்தன.
ஏழெட்டு இருக்கும்.
கடைகள் பூட்டிய தெருவின் நடுவால்
விலை விசாரிக்காத நடை.
கலைமானின் கொம்பில்
கிழிந்த சொப்பின் பை ஒன்று காற்றடித்துப் பொம்மியது.

நானும் ஓரத்தை விட்டு இறங்கி
அதுகளுக்குப் பின்னால்
ரோட்டின் நடுக்கோட்டில்
பத்துப் பதினைந்து அடி நடந்திருப்பேன்.
மீன் ஒரு கையில். மற்றக் கை சும்மா.

கோன் அடித்தான் ஓட்டோக்காரன்.
"ஓரமாப் போ, அண்ணை!
ரோடென்ன உன்ர வீட்டுக் காணியே?"

மான்களுக்கு அவன்
ஒன்றும் சொல்லவில்லை.