புகைக்குப் புது விலாசம்

கிண்டியில் நான்காம் மாடி.
என் வேலை புகையை எண்ணுவது.
எக்செல் தாளில் துறைக்கு ஒரு கட்டம்:
மின்சாரம், போக்குவரத்து, ஆலை, கட்டடம், வயல், குப்பை.
மாதக் கடைசியில் கூட்டி
டன் கணக்கில் கையெழுத்துப் போடுவேன்.
பி.எஃப். உண்டு.

அம்பத்தூர் வார்ப்பட ஆலையில்
கோக் அடுப்பை இடித்துவிட்டு
மின்சார உலை வைத்திருக்கிறார்கள்.
சூப்பர்வைசர் தணிகாசலம்
பழைய புகைபோக்கியின் வாயில்
மைனா கட்டிய கூட்டைக் காட்டினார்.
"இருபது வருஷம் கறுப்பாத் துப்பினேன் மேடம்.
இப்ப எச்சில் எச்சில் நிறத்துலயே இருக்கு."
எழுதிக்கொண்டேன்: ஆலை, குறைவு.
கேட் வரை வந்த பிறகுதான் கேட்டேன்,
எத்தனை ஷிஃப்ட் ஓடுகிறது?
"முன்ன ஒண்ணு. இப்ப மூணு.
சட்டுனு உருகுது, அணைக்க மனசு வருமா?"

மஸ்தானின் ஆட்டோவுக்குச் சத்தம் போய்விட்டது.
முதுகை உரசி நின்றாலும்
மவுண்ட் ரோட்டில் யாரும் திரும்புவதில்லையாம்.
ஹாரனை இரண்டு மடங்கு அடிக்கிறார்.
கிலோமீட்டருக்கு என்ன செலவு என்பதை
மகள் வாங்கிய பிளஸ் டூ மார்க்கைப்போலச் சொல்கிறார்,
கேட்காதவர்களுக்கும்.
எழுதிக்கொண்டேன்: போக்குவரத்து, குறைவு.
ராத்திரி பதினொன்றுக்கு
வியாசர்பாடியில் அவர் செருகும் ஒயரைப்
பிடித்துக்கொண்டே நடந்தால்
கம்பம், டிரான்ஸ்பார்மர், உயர்கோபுரம்,
கொசஸ்தலை கடலில் சேருமிடம்,
அதையும் தாண்டி ஒரு நிலக்கரி மேடு.
ஆடி மாதமென்றால் அதே ஒயரின் மறுமுனை
ஆரல்வாய்மொழிக் காற்றில் சுழலும்.
இது மாசி.

வீட்டைக் காலி செய்கிறவன்
ஊரையா காலி செய்கிறான்?
டெம்போவில் பீரோவை ஏற்றிக்கொண்டு
அடுத்த ஏரியாவுக்குப் போகிறான்.
போக்குவரத்துக் கட்டத்தில் டு-லெட் பலகை தொங்குகிறது,
மின்சாரக் கட்டத்தில் பால் காய்ச்சுகிறார்கள்.

குறையவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.
நூறு ரூபாய்ச் சரக்குக்கு அன்றைக்கு எழுந்த புகை
இன்றைக்கு எழுவதில்லை.
நூறோடு யார் நிறுத்துகிறார்கள்?

நானே நிறுத்தவில்லை.
போன சித்திரையில் ஐந்து நட்சத்திர ஏசி வாங்கினேன்.
பழையது கரன்ட்டைக் குடிக்குமென்று
பயந்து பயந்து இரண்டு மணி நேரம் போடுவோம்.
இது சிக்கனம். அதனால் விடியவிடிய ஓடுகிறது.
பில்லில் பத்து ரூபாய்கூட மாறவில்லை.

சிறுசேரியில் ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம்.
உள்ளே மனிதர்கள் இல்லை,
ஆனாலும் எந்நேரமும் குளிர வைக்கிறார்கள்.
என் எக்செல் தாள் அங்கேதான் தூங்குகிறதாம்.
புகையை எண்ணிய தாளின் புகையை
எந்தக் கட்டத்தில் போட?
மேனேஜர் யோசிக்கவேயில்லை.
"இதர."

நேற்று எண்ணூர் போயிருந்தேன்.
தேசம்மா கொடியிலிருந்து
பையனின் வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினாள்.
இடது தோளில் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல்.
இன்னொரு தரம் உதறினாள்.
"டவுன்ல புகையில்லாத பஸ் விட்டிருக்காங்களாமே.
டிவில காட்டினான்."
ஆமாம் என்றேன்.
"நல்லதுதான்," என்றாள். உண்மையாகவே சொன்னாள்.

சாம்பல் என் கணக்கில் வராது.
நான் எண்ணுவது
கண்ணுக்குத் தெரியாததை மட்டும்.
இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று
பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

டீ கொண்டுவந்து வைத்தாள்.
தம்ளர்மேல் கையை வைத்து
மூடிக்கொண்டு குடிக்கச் சொன்னாள்.