மூன்று ஐம்பது

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள்.
எனக்குக் கொடுத்தது ஒரு நாள்,
மதியச் சாப்பாட்டு நேரம் போக.

கடலூர் ஓ.டி. தாண்டித் தெற்கே
சிப்காட் சாலையோரம் அரசு உயர்நிலைப்பள்ளி.
தேர்வு எழுதியோர் அறுபத்தொருவர்.
தேறியோர் ஐம்பத்தொருவர்.
எண்பத்து மூன்று புள்ளி ஆறு.
அந்த எண்தான் என்னை இங்கே அனுப்பியது.

தலைமையாசிரியை வேதநாயகி
சதவீதத்தில் பேசுவதில்லை.
"தீபன்ராஜ் கணக்குல முப்பத்திமூணு சார்,
ரெண்டே மார்க்கு" என்கிறார்,
கல்யாண வீட்டில் காணாமல் போன கரண்டியைச் சொல்வதுபோல.
நான் கால்குலேட்டரைத் தட்டுகிறேன்.
அந்த ரெண்டு இருந்திருந்தால்
எண்பத்தைந்து புள்ளி இரண்டு.
ஒரு பிள்ளையின் எடை
ஒன்று புள்ளி ஆறு நான்கு.

காற்றோட்டம்: உண்டு, இல்லை.
உண்டு என்று டிக் போட்டேன்.
பேனாவை எடுப்பதற்குள் தென்காற்று திரும்பியது.
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு
யாரும் சொல்லாமலே எழுந்து
ஜன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்தது.
அறிவியல் ஆசிரியர் பாடத்தை நிறுத்தவில்லை.
'அழுகிய முட்டை நாற்றம்' என்ற வரிக்கு
ஒருவரும் அடிக்கோடு இடவில்லை.
தேவைப்படவில்லை.

மாணவர் அனுபவத்துக்கு ஐந்து பொம்மை முகங்கள்,
சிரிப்பில் தொடங்கி அழுகை வரை.
பொருந்தியதை வட்டமிடவும்.
எல்லாரும் சிரிப்பையே வட்டமிட்டார்கள்.
நான் ஏதோ கொடுக்க வந்தவனா
பிடுங்க வந்தவனா என்று தெரியாத சிரிப்பு.
லோகப்பிரியா மட்டும்
நடு முகத்துக்கு ஒரு மூக்குத்தி வரைந்து வைத்திருந்தாள்.
அதற்கு எண் கிடையாது.
மூன்று என்று போட்டேன்.

சாப்பிட்டதும் வரும் தூக்கத்தை விரட்ட
தேறாத பத்துப் பேரின் முகவரியை எழுதிப் பார்த்தேன்.
ஏழு பேர் நடுத்திட்டு.
ஏழு பேருக்கும் கணக்கு.
கணக்கு எட்டாவது பீரியட்,
மூன்றரையிலிருந்து நான்கு பத்து வரை.
நடுத்திட்டுக்கு இருப்பது ஏழாம் நம்பர் பஸ்.
மூன்று ஐம்பது.
அதை விட்டால் ஆறே கால்,
அதுவும் பாலத்தோடு நின்றுவிடும்.
அப்புறம் இருட்டில் இரண்டு கிலோமீட்டர்.

கண்டுபிடித்துவிட்ட குரலில் சொன்னேன்.
"தெரியுமே சார்" என்றார் வேதநாயகி.
"டிப்போவுக்கு நாலு மனு போட்டாச்சு.
போன வருஷம் கணக்கைக் காலையில வச்சுப் பார்த்தோம்,
அறிவியல் போச்சு.
அதுக்கு முந்தின வருஷம் இங்கிலீஷ்."

நாற்பத்தொன்றாவது: பரிந்துரை.
தேர்ந்தெடுக்க ஆறு இருந்தன.
காலை வகுப்பு, மாலை வகுப்பு, விடுமுறை வகுப்பு,
பெற்றோர் கூட்டம், ஊக்க உரை,
ஆசிரியர்களுக்குப் பயிற்சி.
பஸ் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
ஏழாம் நம்பரை இருபத்தைந்து நிமிடம்
தள்ளி விட ஆவன செய்யவும்.
ஓரத்தில் எழுதியதை யாரும் தட்டச்சு செய்வதில்லை.
ஆறு வருடம் தட்டச்சு செய்தவன் நான்.

நிறைவுக் கூட்டம் மூன்றரைக்கு.
பள்ளியின் பலங்களைச் சொல்லி முடித்து
'மேம்பட வேண்டியவை' என்று
தொண்டையைக் கனைத்தபோது
வெளியே ஹாரன்.
ஐந்தரை ரயிலைப் பிடிக்க எனக்கும் அதுதான் பஸ்;
நடுத்திட்டு சுற்றித்தான் டவுனுக்குப் போகும்.
மன்னிக்கணும் என்று எழுந்தேன்.
ஒருவர் முகத்திலும் வியப்பில்லை.
வராந்தாவில் எனக்கு முன்னால்
புத்தகப் பைகள் ஓடிக்கொண்டிருந்தன.
கரும்பலகை ஓரம் கணக்கு ஆசிரியர்,
கையில் சாக்பீஸ், ஒதுங்கி வழிவிட்டபடி.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் யுவஸ்ரீ.
மடியில் விரித்த நோட்டில்
ஒரு கணக்கு பாதிப் பக்கம் இறங்கி வந்து
'ஆகவே எக்ஸ் சமம்' என்பதோடு நின்றிருந்தது.
திரும்பினாள்.
"சார், இது என்ன வரும்?"

"நான் வரலாறு படிச்சவன்மா."

அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.
பாலத்தில் பஸ் குலுங்கியபோது
ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிட்டு
நோட்டை மூடினாள்.