எர்த் லேது

பிரேக்கை மிதித்தால்
நம்பர் பிளேட் விளக்கு மினுங்குகிறது.
இடது இண்டிகேட்டர் போட்டால்
பின்னால் சிவப்பு மூச்சு வாங்குகிறது.
இரண்டையும் சேர்த்துச் செய்தால்
டாஷ்போர்டுக்கே கண் செருகுகிறது.
பொதட்டூர்பேட்டையில் கிளம்பும்போது
இதெல்லாம் இல்லை.

பின் சீட்டில் தேசம்மா.
தறிக்கொட்டகையில் எண்ணெய் வழுக்கி
வலது மணிக்கட்டில் விழுந்தவள்.
கிழிந்த லுங்கியில் தூளி கட்டி
கையை அடுத்த வீட்டுப் பிள்ளைபோல்
பத்திரமாய் வைத்திருந்தாள்.
விடியுமுன் புத்தூரில் டோக்கன் வாங்கவேண்டும்.
“கட்டுப் போட்டா எத்தினி நாளு?”
என்று ஒருமுறைதான் கேட்டாள்.
நாற்பது என்றேன்.
அதற்குப் பிறகு விரலை மடக்கி
எதையோ கணக்குப் போட்டபடி வந்தாள்,
இடக்கையில்.

நகரிக்கு முன்னால் செக்போஸ்ட்.
டார்ச்சை என் முகத்தில் நிறுத்தியவர்
தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்:
“நீ திரும்புறியா, நிக்கிறியா?
பின்னால வர்ற லாரிக்காரனுக்கு
யாருய்யா சொல்றது?”

ஓரங்கட்டி பல்பை மாற்றினேன்.
ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
எல்லாம் முழுசு.
பத்து ஆம்பியர் இருந்த இடத்தில்
இருபதைச் செருகிப் பார்த்தால் என்ன என்று
ஒரு கெட்ட யோசனை வந்தது.
தேசம்மா இருமினாள்.
விட்டுவிட்டேன்.

ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
கிரிபாபுவின் கடை.
ஷட்டரைத் தட்டினால்
முதலில் நாய் எழுந்தது, பிறகு அவன்.
என்னைவிடப் பத்து வயது சின்னவன்.
பல்பைத் தொடவில்லை,
ஃப்யூஸ் பெட்டி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.
“மிதி” என்றான். மிதித்தேன்.
வண்டியின் பின்புறத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.
“எர்த் லேதன்னா.”

ஒரு துண்டு வயர்.
ஒரு முனையை விளக்கின் அடியில் வைத்து
மறுமுனையால் பாடியில் பெயிண்ட் போன இடத்தைத் தொட்டான்.
சிவப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.
எடுத்தான்,
மறுபடி எல்லாம் குழறியது.

“வந்த கரண்டு வீடு திரும்பணுமா இல்லியா?
இதும் வழி அறுந்துபோச்சி.
பக்கத்து பல்பு வூட்டுக்குள்ள பூந்து
அவன் வாசல் வழியா போவுது.
அதான் இதும் சரியா எரியல,
சும்மா கெடந்தவனும் முழிச்சிக்கினான்.”

கறுப்பு வயரை விரலிடுக்கில் பிடித்து
அங்குலம் அங்குலமாய் மடக்கிப் பார்த்துக்கொண்டே போனான்.
மேல்தோலில் ஒரு கீறல் இல்லை.
நான் மூட்டை மூட்டையாய் லுங்கி ஏற்றி இறக்கி
உரசின மூலையில்
ஓரிடம் மட்டும் நூல்போல் துவண்டது.
பல்லால் கடித்துத் தோலை உரித்தான்.
உள்ளே
பச்சைப் பொடியாய்ப் பூத்து
அறுந்து கிடந்தது செம்பு.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி
தேசம்மா பார்த்துக்கொண்டேயிருந்தாள்.
“எக்ஸ்ரே எடுக்காமலே கண்டுபுட்சிட்டியே.”
கிரிபாபு சிரிக்கவில்லை,
துருவைச் சுரண்டி, போல்ட்டை முறுக்கி,
கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.
நூற்றைம்பது ரூபாய்.
சில்லறை இல்லாததால் இருநூறு.

புத்தூரில்
அவள் கையையும் அப்படித்தான்,
அங்குலம் அங்குலமாய்.
ஓரிடத்தில் அவள் “ஸ்” என்றாள்.
அதற்கு மேல் அவர்கள் தேடவில்லை.
நான் வெளியே டீ குடிக்க வந்துவிட்டேன்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு வந்தவள்
ஏறி உட்காராமல்
வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.
வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை.
“மிதி.”
மிதித்தேன்.
“லெப்ட்டு போடு.”
போட்டேன்.
எரிகிறதா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
அந்த வெள்ளைக் கட்டின் மேல்
சிவப்பு அசையாமல் நின்றது,
மஞ்சள் தனியாக
வந்து வந்து போனது.