மரக்கரண்டி

பெப்ரவரி. சிவனொளிபாத மலைக்குச் சனம் ஏறுகிற சீசன்.
ஹட்டன் இந்த மாதத்தில் தூங்குவதில்லை.
நானும்தான்,
ஆனால் என் காரணம் வேறு.

பின்னிரவு ஒன்று நாற்பதுக்கு
ரோமில் விசில் ஊதுவார்கள்.
அதற்குள் முதல் மாவைப் பிசைந்து
ராத்தல் பாண் தட்டங்களைப் போறணைக்குள் தள்ளிவிட வேண்டும்.
ஈஸ்ட் டப்பாவில் போனைச் சாய்த்து வைக்கிறேன்.
திரையில் இடது பக்கம் ஒரு நீளக் கீறல்.
அந்தப் பக்கமாக ஓடுகிறவனுக்கு
எப்போதும் மூன்று கால்.
படம் நின்றுபோனால்
மூக்கு நுனியால் தொட்டு ஓட விடுவேன்.
கையெல்லாம் மா.

"ஏன் அண்ணே இத்தாலி?" என்கிறான் நிஸ்தார்.
"அங்கே ஆராவது இருக்காங்களா?"

ஒருவருமில்லை.
முதன்முதலாகப் புள்ளிப் பட்டியலைப் பார்த்தபோது
அடியில் கிடந்தது அந்தப் பெயர்.
ஆறு நாட்டில் ஆறாவதாக வருகிறவனுக்கு
மரக்கரண்டி என்று ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள்,
கேலிக்கு.
அந்த நேரம் என் கையிலும் மரக்கரண்டி.
சீனிப்பாகு அடிப்பிடிக்காமல்
கிண்டிக்கொண்டிருந்தேன்.
போதாதா?

அதற்கும் முன்னால் தரவளை மைதானம்.
துரைமார் விளையாடுவார்கள்,
வேலிக்கு வெளியே நான் கடலை விற்பேன்.
ஒருநாள் பந்து வேலி தாண்டி வந்து
நேராக என் கூடைக்குள் விழுந்தது.
கடலை முழுக்கச் சேற்றில்.
ஐம்பது ரூபா தந்தார்கள்.
பந்தைத் திருப்பிக் கொடுக்கத்தான்
எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
அதன் முனை, என் உள்ளங்கைக்கென்றே
யாரோ உருட்டி வைத்த மாதிரி.

இன்றைக்கு ஸ்கொட்லாந்து.
இன்வெரி, டன்பார் என்று
எங்கள் தோட்டங்களுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனவர்கள்.
ஹட்டன் என்பதே அவர்களுடைய ஏதோ ஒரு கிராமமாம்.
கோபமென்று சொல்ல முடியாது.
ஆனாலும் அவர்கள் பந்தைக் கீழே போட்டால்
நான் மாவைக் கொஞ்சம் பலமாக அடிக்கிறேன்.

"முன்னுக்குப் போகணும்,
பந்தைப் பின்னுக்குத்தான் குடுக்கணும்.
இது என்ன அண்ணே விளையாட்டு?"
"கினிகத்தேனை வளைவில
லொறி எப்படிடா ஏறுது?
ரிவர்ஸ் போடாமலா?"
யோசிக்கிறான். பணிஸ் கருகுகிறது.

எழுபதாவது நிமிடம். நாலு புள்ளி பின்னால்.
எழுபத்தைந்து. கோட்டுக்குப் பக்கத்தில்
எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலை கோத்துத் தள்ள,
பதினாறு முதுகிலிருந்தும் ஆவி எழும்புகிறது,
போறணைக் கதவு திறந்த மாதிரி.
யாரோ விழுந்தான். யார் மேலோ விழுந்தான்.
பந்து அடியில் எங்கேயோ.
நடுவர் குனிந்து பார்க்கிறார், கையைத் தூக்குகிறார்.
நான் கத்தியதில்
மேல்மாடியில் முதலாளி இருமினார்.

ஒரு புள்ளி முன்னால்.
எழுபத்தெட்டாவது நிமிடம்.
டேட்டா முடிந்தது.

முதலில் போனைத் திட்டினேன்,
பிறகு கம்பெனியைத் திட்டினேன்,
பிறகு பின்னேரம் முழுக்கக்
கார்ட்டூன் பார்த்த என் மகளை. அவள் பெயரைச் சொல்லாமல்.
நிஸ்தாரிடம் இருப்பது பட்டன் போன்.
மூன்றரை மணிக்கு ஹட்டனில்
இத்தாலி வென்றதா என்று யாரிடம் கேட்பது?
ஸ்டாண்டில் படுத்திருக்கும் நாயிடமா?

பிந்தி வந்த ரயில் சனத்தை இறக்கியது.
கம்பளித் தொப்பிகள், கைக்குழந்தைகள், தாமரை மொட்டுகள்.
நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்,
முதுகில் அவளை விடப் பெரிய மூட்டை.
கிம்புலா பணிஸைக் காட்டி
விலை கேட்டாள். கையில் போன்,
நாலு கோடும் நிறைந்த சிக்னல்.

நிஸ்தார் முந்திக்கொண்டான்.
"மேடம், றக்பி. இத்தாலி. ஸ்கோர்."
அவள் சிரித்தபடி தேடத் தொடங்கினாள்.
விரல் இரண்டு எழுத்தைத் தொட்டது, மூன்று.

"வேண்டாம்" என்றேன் தமிழில்.
அவளுக்கு எப்படியோ விளங்கியது.
மூன்று பணிஸ் சுற்றிக் கொடுத்தேன்,
இரண்டுக்குத்தான் காசு எடுத்தேன்.

"பயம்" என்றான் நிஸ்தார்.
இருக்கலாம்.

றீலோட் கடை திறக்க ஆறு மணியாகும்.
அதுவரை ஒரு புள்ளி முன்னால் நிற்கிறோம்.
இரண்டாவது மா பொங்கிவிட்டது.
மரக்கரண்டியைக் கழுவி
ஆணியில் மாட்டு என்றேன் அவனிடம்.